முதல் மடிப்புக்காரர்

திரைச்சீலை வியாபாரிகள் சங்கத்தார் வைத்த இரங்கல் பதாகையில், அவர் படத்துக்குக் கீழே 'சிறந்த இசைப் பிரியர்' என்று அச்சடித்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். அவர் மனைவி மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அன்றைக்கு முழுவதும் அவருக்கு வந்த ஒரே சிரிப்பு அது.

இசைப் பிரியர்தான், மறுக்க முடியாது. பியானோவுக்கு எழுதப்பட்டதில் ஏறக்குறைய பாதி அவருக்கு மனப்பாடம். அந்தப் பாதி எல்லாமே முன்பாதி.

சாவி வெட்டுகிறவர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே இருந்தது அவருடைய திரைச்சீலைக் கடை. ஒரு ரயில் பெட்டியைத் தூக்கி வந்து சொருகியதுபோல நீளமாக, குறுகலாக இருக்கும். இரண்டு பக்கமும் கூரை வரை துணி உருளைகள். நடுவில் ஒரு மர மேசை, அதன் விளிம்பில் பதித்த பித்தளை அளவுகோல். வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் அவர் ஓர் உருளையை உருவி மேசைமேல் போடுவார். ஒரு மடிப்பு மட்டும் பிரிப்பார். விளக்கைத் துணி பக்கம் திருப்புவார். பிறகு வாயைத் திறக்காமல் நிற்பார்.

"முதல் மடிப்புல கை வச்சவன் வாங்கிடுவான்" என்பது அவருடைய சித்தாந்தம். "ரெண்டாவது மடிப்பப் பிரிச்சா யோசிக்க ஆரம்பிச்சிடுவான். யோசிக்கிறவன் எவன் துணி வாங்கியிருக்கான்?"

கடையோடு இதை விட்டிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர் வாழ்க்கையையே இப்படித்தான் வாங்கினார். வீடு பார்க்கப் போனபோது முன் அறையைப் பார்த்ததுமே முடித்துவிட்டார். சமையலறைக்கு ஜன்னலே கிடையாது என்பது குடிபோன அன்றுதான் தெரிந்தது. செய்தித்தாளில் தலைப்பு மட்டும் படித்துவிட்டு, கீழே என்ன இருக்கும் என்பதைத் தானே சொல்லுவார். மனைவி பேசிய முதல் வாக்கியம் பிடித்துப்போய்த்தான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். மீதி வாக்கியங்களைச் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்குப் பியானோ வந்ததும் ஒரு திரைச்சீலையால்தான். அவர் துணி போட்ட விடுதி ஒன்றில் வரவேற்பறையை மாற்றிக் கட்டினார்கள். மூலையில் கிடந்த பியானோவை யார் தலையிலாவது கட்டிவிடப் பார்த்தார்கள். அவர் மூடியைத் திறந்து ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். கணீரென்று கேட்டது. வேறு எதையும் தொட்டுப் பார்க்காமல் வண்டியில் ஏற்றிவிட்டார். மூடியெல்லாம் கண்ணாடிக் குவளைகள் வைத்த வட்டக் கறை. ஈரம் அடித்தால் நடுவில் ஒரு கட்டை அழுத்தின இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும், விரலால் நெம்பித் தூக்க வேண்டும். அதில்தான் மகள் வாசிக்கப் பழகினாள். பள்ளிப்படிப்பு முடியப்போகிற வயதில், இசைக் கல்லூரியில்தான் சேருவேன், வேறு எதற்கும் என்னை அனுப்பாதீர்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த மனைவி, மகளுடைய முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, இது காய்ச்சல் இல்லை, குணமே இதுதான் என்று தீர்ப்பு சொன்னார்.

நுழைவுத் தேர்வுக்கு மூன்று உருப்படிகள் தேர்ந்தெடுக்க வேண்டும். பல குரல்கள் பின்னிப் போகிற பழைய பாணியில் ஒன்று, சொனாட்டா என்கிற பல பகுதி கொண்ட நீண்ட உருப்படியின் முதல் பகுதி ஒன்று, மூன்றாவது, மாணவியின் விருப்பம். என்னென்ன எடுக்கலாம் என்று யோசிக்க வேண்டியது பியானோ டீச்சர். துணி வெளுக்கும் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தவர், கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டிக்கொள்பவர், வாயைத் திறந்தால் ஊசி குத்துபவர். அவர் அடக்கமான மூன்று உருப்படிகளைச் சொன்னார். இவளுடைய கைக்கு அடங்கும், கெட்டியாக வாசிக்கலாம் என்றார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கல்லூரியில் தேர்வு நடக்கும் கூடத்துக்குத் திரைச்சீலை தைக்கும் வேலை நம்மவர் கைக்கு வந்தது. மகள் எழுதப்போவது அடுத்த வருஷத் தேர்வு. இந்த வருஷத் தேர்வு நடக்கிற நாளாகப் பார்த்து அளவெடுக்கப் போனார். உள்ளே விடவில்லை. பரவாயில்லை, நடைவழி ஜன்னல்களை முதலில் அளக்கிறேன் என்று டேப்பை எடுத்தார். ஒரே ஜன்னலைக் காலையிலிருந்து அளந்தார். காது முழுக்கக் கதவில்.

உள்ளே ஒருவர் பின் ஒருவராக வாசித்தார்கள். கொஞ்ச நேரம் போகும். பிறகு ஒரு பெண்குரல், கத்தரி வெட்டுவதுபோல, "போதும், நன்றி" என்னும். அடுத்தவர். மறுபடியும் "போதும், நன்றி." ஒருத்தரையும் இரண்டாம் பக்கம் தாண்ட விடவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குள் நம்மவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மத்தியானத்துக்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று பார்க்க அவர் இருக்கவில்லை. இரண்டாவது மடிப்பல்லவா அது.

அன்று சாயங்காலம் முன் அறையில் உருப்படி பொறுக்கும் வேலை தொடங்கியது. மகள் பியானோமேல் இசைத்தாள்களை அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் வாசித்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, தேநீரை ஊதிக் குடித்தபடி, கடையில் துணி பார்க்கிற அதே கண்ணோடு கேட்டார். டீச்சர் சொன்னதில் முதலாவது தொடங்கியதும் கையைக் காட்டிவிட்டார். இது வீட்டுக்குள்ளே படுக்கையறையில் போடுகிற துணி, வாசலில் தொங்கவிட்டால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்றார். இரண்டாவது சாயம் போனதுபோல இருந்தது. மூன்றாவது நல்ல துணிதான், ஆனால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். யார் தொடப் போகிறார்கள்?

கடைசியில் அவரே மூன்றைப் பிடித்தார். எல்லாமே மகளைவிட நாலு வயது மூத்தவர்கள் வாசிக்கத் தயங்குகிற சமாச்சாரம். பின்னலாகப் போகும் பழைய பாணி உருப்படிக்கு, ஆரம்பத்திலேயே மூன்று குரல்கள் ஒன்றை ஒன்று துரத்துவதால், 'குதிரை' என்று பெயர் வைத்தார். சொனாட்டா முதல் அடியிலேயே இரண்டு கையையும் பியானோமேல் போட்டு உடைக்கிற மாதிரி இருக்கும்; அது 'இடி.' மூன்றாவது, வலது கை மேலிருந்து கீழே பொழிந்துகொண்டே இருப்பது; 'மழை.' பிறகு கடையிலிருந்து தையல்காரரின் நீலச் சாக்கட்டியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு தாளிலும் இரண்டாம் பக்கம் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இது வரைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கணும்மா. இதுக்கு அந்தப் பக்கம் நமக்கு வேலை இல்ல."

மகள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். "நிறுத்தலன்னா?"

"நிறுத்துவாங்கம்மா."

டீச்சருக்கு விஷயம் தெரிந்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எல்லாரையும் நிறுத்த மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தார். யாரை நிறுத்த மாட்டார்கள் என்று இவர் கேட்டார். கேட்க வேண்டும் என்று தோன்றுகிறவர்களை என்றார் டீச்சர். காலையெல்லாம் கதவோரம் நின்றவன் நான், அப்படி ஒருத்தரையும் காணோமே என்று இவர் சிரித்தார். இவர் 'பாட்டு' என்று சொல்லும்போதெல்லாம், பாடுவதற்கு அங்கே யாரும் இல்லை என்று திருத்திக்கொண்டிருந்த டீச்சர், அன்றைக்குத் திருத்தவில்லை. "கடைக்காரரே, அப்ப நீங்களே உக்காந்து வாசிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். வெளியே மழை இல்லை.

எதிர்வீட்டில் மனைவியின் அண்ணன் இருந்தார். வண்டி ஓட்டப் பழக்கிவிடும் பள்ளி நடத்துபவர். தங்கை வீட்டு விவகாரம் எதுவானாலும் ஜன்னல் வழியாகவே விசாரித்துவிடுவார். நீலக் கோட்டுத் திட்டத்தைக் கேட்டதும் நேரிலேயே வந்துவிட்டார். "மச்சான், நான் ஸ்டார்ட் பண்றத மட்டும் சொல்லிக் குடுத்து அனுப்பினா, பிரேக்கை யாரு போடறது?"

"உங்க வண்டி ரோட்டுல போறது மச்சான். இது கல்லூரி."

"ரோட்டுலயாவது எதிர்ல ஒருத்தன் வந்து மோதி நிறுத்துவான்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்துப் போனார்.

மகளைப் பாவம் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. தொடக்கங்கள் எப்போதும் சுகம். கடினமான நடுப்பகுதியில் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் முக்க வேண்டியதில்லை. அப்பா கடையிலிருந்து வந்ததும் குதிரை ஓடும், இடி இடிக்கும், மழை கொட்டும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். நீலக் கோடு வந்ததும் அப்பா கையை உயர்த்தி, "போதும், நன்றி" என்பார். அவள் சட்டென்று கையை மடியில் வைத்துக்கொள்வாள். மாதக்கணக்கில் அப்படிப் பழகி, அந்த இடத்தில் நிற்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. மனைவி மட்டும் சமையலறையிலிருந்து, ஒரு தடவையாவது ஒன்றை முழுசாகக் கேட்டுவிட்டுச் சாகிறேனே என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தேர்வு நாள் வந்தது. மச்சான் தன் பள்ளி வண்டியிலேயே எல்லாரையும் கல்லூரிக்குக் கொண்டுபோய் இறக்கினார். நடைவழியில் பெஞ்சு நிறைய பிள்ளைகள், மடியில் விரலால் வாசித்தபடி. பெற்றோர்கள் ஒருவர் பிள்ளையின் இசைத்தாளை இன்னொருவர் ஓரக்கண்ணால் படித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்துக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே நம்மவர் தைத்துக்கொடுத்த கருநீல வெல்வெட் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒரு தகப்பனாரிடம், அது நம்ம துணி, மடிப்பு எப்படி விழுகிறது பாருங்கள் என்று காட்டினார். அந்த மனிதர் கண் கதவிலேயே இருந்தது. அவர் மகன் உள்ளே இருந்தான். கத்தரிக்குரல் "போதும், நன்றி" என்றது. நம்மவர் மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மகள் உள்ளே போனாள். கதவு சாத்தியது.

குதிரை புறப்பட்டது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி அவள் வீட்டில்கூட வாசித்ததில்லை. விடுதிக் கறை படிந்த அந்தப் பழைய பெட்டியில் பழகிய கைக்கு நல்ல பியானோ கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று குரலும் தனித்தனியாக, தெளிவாக ஓடின. பெஞ்சில் மடியைத் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் தட்டுவதை நிறுத்தினார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்து வந்து கதவோரம் நின்றாள். நம்மவர் நெஞ்சை நிமிர்த்தினார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம். இதோ இப்போது நிறுத்துவார்கள். இந்த வரியில் நிறுத்துவார்கள்.

நிறுத்தவில்லை.

நீலக் கோட்டுக்கு எத்தனை அடி இருக்கிறது என்று உலகத்தில் அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். கோடு நெருங்க நெருங்க அவருக்கு வேர்த்தது. கதவில் கையை வைத்தார். உள்ளே கத்தரிக்குரல் மூச்சு விடக் காணோம். கடைசி அடி வந்தது. அவர் வாய் அவரைக் கேட்கவில்லை. வீட்டில் தினமும் சொல்லிப் பழகிய வாய். நடைவழி முழுக்கக் கேட்கும்படி கதவைப் பார்த்து, "போதும், நன்றி" என்றார்.

உள்ளே வாசிப்பு பட்டென்று நின்றது.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி கண்ணை மூடிக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் கத்தரிக்குரல், வெட்டாமல், மெதுவாகக் கேட்டது: "யாரும்மா அது?"

"எங்கப்பா."

"நாங்க நிறுத்தலையே. நல்லா இருந்துச்சு. மேல வாசி."

வெல்வெட் துணிக்கு ஒரு குணம் உண்டு, சத்தத்தை உறிஞ்சிவிடும். ஆனாலும் மகள் சொன்னது அவருக்குக் கேட்டது. "மேல தெரியாது, மேடம்."

சொனாட்டாவைக் கேட்டார்கள். அதுவும் இரண்டு பக்கம்தான் தெரியும் என்றாள். மூன்றாவதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அவள் வெளியே வந்தபோது அழவில்லை. இசைத்தாள்களை அப்பா கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்து போனாள்.

திரும்பி வரும்போது நம்மவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார். பழகுகிறவர்கள் வண்டி என்பதால் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. வழியெல்லாம் அவர் அறியாமலே கால் அதை மிதித்துக்கொண்டே வந்தது. வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. மச்சான் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "இங்கயும் போதும் நன்றியா?" என்றார். பின் இருக்கையில் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுத் தெரு திரும்பும்போது மனைவி பேசினார். சத்தமே போடவில்லை. ரத்தம் எடுக்கும்போது நரம்பைத் தேடுகிற குரல் அது. "எல்லாரையும் நிறுத்துவாங்கன்னு கணக்குப் போட்டீங்க. சரி. நம்ம பொண்ணு வாசிக்கிறத முழுசா கேக்கணும்னு யாருக்காவது தோணும்னு உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோணலையா?"

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கல்லூரியிலிருந்து வந்த பதிலில், அடுத்த வருஷம் வரலாம், முழுமையாகத் தயாரித்துக்கொண்டு வரவும் என்று எழுதியிருந்தார்கள். 'முழுமையாக' என்ற சொல்லை மச்சான் அதன்பிறகு ஆறு மாதம் விடவில்லை. முழுமையாகச் சாப்பிட்டீர்களா, முழுமையாகக் கதவைச் சாத்தினீர்களா என்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

மகள் அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். டீச்சர் வீட்டுக்குத் தானே போய், துணி வெளுக்கும் கடையின் நீராவி ஏறிவரும் படியில் நின்று, மன்னிப்பெல்லாம் கேட்காமல், மறுபடி ஆரம்பிக்கலாமா என்று மட்டும் கேட்டாள். டீச்சர் அவளோடு கிளம்பக் குடையைத் தேடினார். இந்த முறை உருப்படிகளை அவளே தேர்ந்தெடுத்தாள். அப்பா வாயைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அவர் திறக்கவில்லை. ஆனால் சமாளிப்பதற்குள் உயிர் போயிற்று. ஏனென்றால் அவள் முதலாவதாக எடுத்தது ஒரு மெதுவான உருப்படி. இடது கை ஒவ்வொரு சுரமாக, இருட்டில் செருப்பைத் தேடுகிறவன் காலை வைப்பதுபோல, வைத்து வைத்துப் போகும். முதல் பக்கம் முழுக்க அவ்வளவுதான். இரண்டாம் பக்கத்திலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதில் இருக்கிற அழகெல்லாம் கடைசிப் பக்கத்தில். அங்கே வந்ததும் ஆரம்பத்தில் தேடியதெல்லாம் எதற்கு என்று விளங்கும் என்று மகள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா சமையலறை வாசலில் சாய்ந்து நின்று முழுசாகக் கேட்டார். பிறகு, அடுப்பை அணைக்க மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

நம்மவரால் உட்கார முடியவில்லை. முதல் பக்கம் தொடங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் போய்ப் புலம்புவார். முதல் மடிப்பில் ஒரு பூகூடக் கிடையாது, ஓரத்தில் ஒரு ஜரிகைகூடக் கிடையாது, வெறும் காடாத் துணி, இதை விரித்துப் போட்டால் யார் வாங்குவார்கள்? பக்கத்துக் கடைக்காரர் அவருடைய கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொடுப்பார். அதுதான் அவரால் முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லாதபோது, பழைய இசைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு நீலக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தார். கடையில் எத்தனையோ துணியில் எத்தனையோ தடவை செய்த வேலை. துணியில் போகும். காகிதத்தில் போகவில்லை. பக்கமெல்லாம் வெளிர்நீலமாகப் பரவியதுதான் மிச்சம்.

இரண்டாவது தேர்வுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கல்லூரி நடைவழியில் அவரைப் பலருக்கு நினைவிருக்கும் என்பது மகளுடைய வாதம். அவர் கடையில் இருந்தார். வந்த ஒரு தம்பதிக்கு உருளையை உருவி முதல் மடிப்பைப் பிரித்தார். பிறகு என்ன தோன்றியதோ, இரண்டாவதையும் பிரித்தார், மூன்றாவதையும் பிரித்தார், மேசை முழுக்க, தரை முழுக்கத் துணி. அவர்கள் யோசித்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார்கள். அப்போது தொலைபேசி அடித்தது.

"முதல் பக்கத்துலயே நிறுத்திட்டாங்கப்பா" என்றாள் மகள். குரல் தட்டையாக இருந்தது. கடைசிப் பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

அவர் தொண்டைவரை ஒன்று வந்தது. நான் அப்போதே சொன்னேனே என்பதுதான் அது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினார். "வீட்டுக்கு வாம்மா" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, இடம் கிடைத்துவிட்டது என்று கல்லூரியிலிருந்து செய்தி வந்தது.

வீடு தலைகீழானது. மச்சான் ஜன்னலை விட்டுக் கதவு வழியாகவே வந்து மருமகளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். டீச்சர், அப்படியா, சரி, என்று மட்டும் சொல்லிவிட்டு அன்றைக்கு வேறு யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. நம்மவருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. நிறுத்தாத வருஷம் இடம் இல்லை. நிறுத்திய வருஷம் இடம். இது எந்தக் கணக்கு? கூடத்தில் திரைச்சீலைக் கம்பி தளர்ந்திருக்கலாம், ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரும் கூப்பிடாமலே ஏணியோடு கல்லூரிக்குப் போனார்.

கத்தரிக்குரலுக்குச் சொந்தக்காரி, தேர்வுக் குழுத் தலைவி, பென்சிலைக் கடித்தபடி அங்கே உட்கார்ந்திருந்தார். ஏணிமேல் இருந்தவர் வணக்கம் சொன்னதுமே அவருக்கு அடையாளம் தெரிந்தது. குரலால்தான். இவர் கம்பியை ஆட்டிக்கொண்டே கேட்டார், என் மகளை ஏன் முதல் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று. அந்த அம்மாள் பென்சிலை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"முதல் நாலு வரியிலயே தெரிஞ்சுபோச்சு, இவ கடைசிப் பக்கம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுதான் முதல் அடியையே வைக்கிறான்னு."

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். கடைக்கு வந்தார். சாவி வெட்டுகிறவரிடமும், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடமும், மச்சானிடமும், சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றும் சொன்னார். சாகும்வரை சொன்னார். "முதல் நாலு வரியிலயே தெரிஞ்சுபோச்சுன்னு அந்தம்மாவே சொன்னாங்க." அத்தோடு வாக்கியத்தைக் கத்தரித்துவிடுவார். மீதிப் பாதியை மகள் கல்லூரியில் படிக்கும்போது அதே தலைவியிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து வீட்டில் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. "அதான், முதல் நாலு வரியில" என்றார்.

மகள் படித்து முடித்து, நடனப் பள்ளி ஒன்றில் பியானோ வாசிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே நாளெல்லாம் நிறுத்து, மறுபடி, நிறுத்து, மறுபடி என்பதுதான் வேலை. சின்ன வயதில் நல்ல பயிற்சி கொடுத்தவர் அப்பா என்று சொல்லிச் சிரிப்பாள்.

கடைசி நாட்களில் அவருக்கு மூச்சு வாங்கியது. படுத்தால் இருமல் என்பதால் முன் அறை நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தார். கடையை யாரோ எடுத்துக்கொண்டு கைப்பேசி உறை விற்றார்கள். மகள் வந்திருந்த ஒரு மத்தியானம், அவராகவே கேட்டார்.

"அந்த மெதுவான பாட்ட வாசி. கடைசிப் பக்கம் வரைக்கும்."

மனைவி செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் மூடியைத் திறந்தாள். ஈரக்காற்று அடித்த நாள். நடுக்கட்டை மாட்டிக்கொள்ளுமோ என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்துக்கொண்டாள். ஆரம்பித்தாள். இடது கை இருட்டில் தேடத் தொடங்கியது. முதல் பக்கத்தின் பாதியில் பின்னாலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா, நிறுத்தாதே என்று கையைக் காட்டினார். அவள் வாசித்தாள். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம், குறட்டையோடு சேர்ந்தே போயிற்று. கடைசிப் பக்கமும் வந்து, முடிந்து, கையை எடுத்தாள். சத்தம் நின்றதும் அவர் விழித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அந்தக் கடைசிப் பக்கம் இருக்கே, அடடா."

"கடைசிப் பக்கத்துல என்னப்பா இருந்துச்சு?"

அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் அடக்கிய சிரிப்பு. மாட்டிக்கொண்டது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் எத்தனை வருஷம் நின்றவர்.

"அதெல்லாம் துணி வாங்கினவங்க வீட்டுக்குப் போய் விரிச்சுப் பாத்துக்கற விஷயம்" என்றார். பிறகு நாற்காலியில் சரியாகச் சாய்ந்துகொண்டு, "இன்னொரு தடவை வாசி. இந்தத் தடவை தூங்க மாட்டேன்" என்றார்.

அவள் மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பினாள். அந்தத் தடவையும் தூங்கினார்.